இலவசக் கப்பலில் எட்டு நாள்

மேசையின் ஒரு பக்கம் மை தோய்த்த துணி வைத்த தகரப் பெட்டி. மறுபக்கம் பேனாவும் மைக்கூடும். தகரப் பெட்டி எங்களுக்கு. பேனா குமாஸ்தாவுக்கு.

எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் தகரப் பெட்டியில் கட்டைவிரலை அழுத்தினார்கள், பெரிய புத்தகத்தில் ஒற்றினார்கள், விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். என் முறை வந்தது. நானும் அழுத்தி, ஒற்றி, தலையில் துடைத்துக்கொண்டேன்.

அடுத்தது என் மனைவி. புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள். பழக்கதோஷம். குமாஸ்தா கீழே வைத்திருந்த பேனாவை எடுத்தாள். மையில் தொட்டாள். நிப்பை மைக்கூட்டின் விளிம்பில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். சரசரவென்று இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டாள்.

போட்டு முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பேனா கையிலேயே நின்றுவிட்டது. குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு என்னை.

சிங்கப்பூரில், கப்பல் ஏறப் போகிறவர்களை அடைத்து வைக்கும் கொட்டகை அது. தரையெல்லாம் கார்பாலிக் மருந்து தெளித்திருந்தார்கள். இன்றைக்கும் அந்த வாடை மூக்கில் ஏறினால் என் கட்டைவிரல் ஈரமாகிவிடும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு இந்தச் சவரிமுத்துவைத் தெரியும். இன்றைக்குத்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்குச் சொல்கிறேன். தம்போயில் பதினாறு லாரி நிற்கிற பட்டறை என்னுடையது. ஜொகூரில் ரோடு போட்ட இடமெல்லாம் என் டயர் பட்டிருக்கிறது. ரோடு போடாத இடத்தில் முதலில் பட்டிருக்கிறது.

படிப்பு? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு மழைக்காலம் உட்கார்ந்தேன். மூன்றாவது மழைக்கு முன்னால் பால் வாளி தூக்கப் போய்விட்டேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் கடைசி மகள்தான் எழுதுகிறாள். நடுநடுவே திருத்தப் பார்ப்பாள். நான் விடுவதில்லை.

வசதி இல்லாத பிள்ளைகள் வெளிநாடு போய்ப் படிக்க வருஷா வருஷம் நான் உதவி செய்வதை இந்தப் பத்திரிகையே படம் போட்டு எழுதியது. மாலையோடு நிற்கிறேன், பார்த்திருப்பீர்கள். லண்டனில் ஒருத்தன், மெட்ராஸில் இரண்டு பேர், ஹாங்காங்கில் ஒரு பெண். கப்பல் டிக்கெட், கம்பளிக் கோட்டு, முதல் வருஷப் படிப்புச் சம்பளம், எல்லாம் இந்தக் கை கொடுத்தது. "இந்த எண்ணம் எப்படி ஐயா வந்தது?" என்று நிருபர் தம்பி கேட்டதற்கு, ஏழைகளின் கண்ணீர் அது இது என்று பெரிதாக ஏதோ சொன்னேன். சொன்னது நன்றாகத்தான் இருந்தது. நிஜம் அது இல்லை. நிஜம் அந்த மேசையில் இருக்கிறது.

மாட்டுக்கு நாடி பார்த்தவள்

தங்காக்குக்குப் பக்கத்தில், லேடாங் மலை தெரிகிற ஒரு தோட்டம். அதில் அடைக்கலம் என்று ஒரு டிரசர் இருந்தார். புண்ணுக்கு மருந்து கட்டுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, பிரசவத்துக்கு ஓடுவது எல்லாம் அவர்தான். மனைவியை இழந்தவர். ஒரே மகள். கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த பெயர் சூசையம்மாள். மூவாரில் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தாள், அங்கே ஜோஸ்பின்.

லீவுக்கு வரும்போது பஸ் நிறுத்தத்திலிருந்து தோட்டம் வரை அவள் பெட்டியை ஏற்றிவருவது என் மாட்டு வண்டி. அப்போதே எனக்குச் சொந்த வண்டி. பேர் இன்னும் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுப் புத்தகத்தில் இருந்தது, ஆனால் காலைப் பெரட்டில் கைகட்டி நிற்கிற ஆள் இல்லை நான். ரப்பர் பெட்டி ஏற்றுகிற ஒப்பந்தம் என் கையில்.

ஒருநாள் வண்டியை விட்டு இறங்கியவள் செவலை மாட்டின் தாடைக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இதுக்குக் காய்ச்சல்."

"அது மாடும்மா. வெயில்ல நின்னா சுடத்தான் செய்யும்."

"சிரிங்க, சிரிங்க. நாளைக்கு மறுநாள் பாருங்க."

மறுநாளுக்கு மறுநாள் செவலை படுத்துவிட்டது. அவள் சாக்கை நனைத்துப் போட்டு, கஞ்சி ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து எழுப்பிவிட்டாள். தோட்டத்தில் எல்லாரும் மாடு பிழைத்தது என்று பேசிக்கொண்டார்கள். படுத்தது மாடு மட்டும் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

எழுதுகிற என் மகள் இங்கே பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது, எழுது. உன் அம்மாவுக்குத் தெரிந்த கதைதான்.

கிடைத்த இடமும் விழுந்த விலையும்

மெட்ராஸில் பெண்கள் டாக்டருக்குப் படிக்கும் ஒரு கல்லூரியில் ஜோஸ்பினுக்கு இடம் கிடைத்தது. படிப்புச் சம்பளத்தில் பாதியை அவர்களே தள்ளிவிட்டார்கள். மீதியை டிரசர் பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார். கடிதம் வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேருக்கும் மருந்தோடு ஒரு சீனி மிட்டாய் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து ரப்பர் விலை விழுந்தது. மரத்தில் பால் வெட்டாமல் அப்படியே விட்டார்கள். ஆளைக் குறைத்தார்கள். இரண்டு தோட்டத்துக்கு ஒரே டிரசர் என்றார்கள், சம்பளத்தையும் வெட்டினார்கள். கப்பலுக்குக் கொடுத்தால் கல்லூரிக்கு இல்லை, கல்லூரிக்குக் கொடுத்தால் கப்பலுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. குறித்த நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். துணைக்குப் போக டிரசருக்கு லீவும் கிடையாது.

வழி கண்டுபிடித்தது யார்? நான்தான். வேலை போன கூலிகளை அந்தச் சமயம் அரசாங்கமே இலவசமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"சார், அடுத்த மாசம் நம்ம தோட்டத்திலேருந்து நாலு குடும்பம் கப்பல் ஏறுறாங்க. ஒரு காசு கிடையாது."

"அது கூலிக்காரங்களுக்குப்பா."

"நான் யாரு சார்? பெரட்டுப் புத்தகத்துல என் பேரு இன்னும் இருக்குல்ல?"

"நீ இருக்கே. அவ?"

தனியாக வருகிற பெண்ணை அந்தக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். குடும்பமாக இருந்தால்தான். டிரசருக்கே புரிந்தது. முகம் கறுத்தது. வெளியே போய் நின்றார், உள்ளே வந்தார், மறுபடி வெளியே போனார்.

சாயங்காலம் என்னைத் தோட்டத்துச் சின்னக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். மூக்கு உடைந்த அந்தோணியார் சுரூபத்தின் பாதத்தில் என் கையைப் பிடித்து வைத்தார்.

"அண்ணன் தங்கச்சியாப் போயிட்டு வரணும் சவரி. சொல்லு."

"தங்கச்சிதான் சார்."

வியாபாரத்தில் நான் கொடுத்த வாக்கு தவறினது இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் வேறு எந்த வாக்கும் சொல்லும்போது நாக்கை இப்படிச் சுட்டதில்லை.

போகிறவர்கள் பட்டியலை உடல்நலம் பார்த்து எழுதிக் கொடுப்பது டிரசர் வேலை. என் பெயரை எழுதினார். அடுத்த வரியில் சூசையம்மாள் என்று எழுதினார். 'மனைவி' என்று எழுதும்போது பேனா நின்றது. மை ஊறிக் காகிதத்தில் சொட்டுப் பெரிதாகும் வரை நின்றது. பிறகு எழுதிவிட்டார். பிடிபட்டால் அவர் வேலையும் போகும், அவளுக்குக் கல்லூரியும் போகும்.

மறுபடி மேசைக்கு

அந்தக் கையெழுத்தைத்தான் குமாஸ்தா பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகையின் மறுகோடியில் வெள்ளைக்கார அதிகாரி, அம்மை குத்துகிற இடத்தில் நின்றார். குரல் கொடுத்தால் கேட்கிற தூரம்.

"யாருய்யா உன் சம்சாரத்துக்கு எழுதக் கத்துக் குடுத்தது?"

"நான்தான்" என்றேன். நான் அப்படித்தான். வாய் முந்திக்கொள்ளும்.

"அப்படியா? நீ எதுக்குக் கைநாட்டு வெச்சே? நீயும் ஒண்ணு போடு, பாப்போம்."

அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி என்னிடம் நீட்டினார். பின்னால் வரிசை நெருக்கியது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்று. ரப்பர் பெட்டியின் மேல் அடிக்கிற தோட்டத்து அடையாளம். ஒரு வட்டம், உள்ளே கொக்கி மாதிரி ஓர் இங்கிலீஷ் எழுத்து, கீழே மூன்று கோடு. ஆயிரம் பெட்டி தூக்கியிருக்கிறேன், அது மறக்காது. போட்டேன். வட்டம் கொஞ்சம் கோணல்.

குமாஸ்தா வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"இது ரப்பர் பெட்டி மார்க்கு லா."

எங்களுக்குப் பின்னால் எங்கள் தோட்டத்துப் பாக்கியம் நின்றாள். பால் வெட்டுக்காரி, ஜோஸ்பின் கட்டியிருந்த சேலையே அவள் கொடுத்ததுதான். இடுப்பில் பிள்ளையோடு அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "சாமி, அவனும் ஒரு பெட்டிதான். ஏத்தி விட்டுருங்க."

குமாஸ்தாவின் மீசை அசைந்தது. அதிகாரி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு புறங்கையால் மைக்கூட்டைத் தட்டிவிட்டார். மை அவள் கையெழுத்தின் மேலும் என் பெட்டி மார்க்கின் மேலும் ஓடியது.

"அலமாக், பாத்து நில்லுங்கய்யா!" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினார். பிறகு மெதுவாக, அவளிடம் மட்டும்: "பக்கத்துல கைநாட்டு வைம்மா. கையெழுத்தப் பத்திரமா வெச்சுக்க, அங்க போடலாம். எனக்கும் இந்த மாசத்தோட வேலைக் கணக்கு முடிக்கிறாங்க. மை அவங்களோடது."

அவர் பெயர் எனக்குத் தெரியாது. நல்ல நிலைக்கு வந்த பிறகு ஆள் விட்டு விசாரித்தேன். கிடைக்கவில்லை.

ஆறு எழுத்து

குடும்பத்துக்கு ஒரு பாய் கொடுத்தார்கள். பாயில் அவளும் பாக்கியத்தின் பிள்ளைகளும். நான் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே எட்டு நாளும் ஓட்டினேன்.

கப்பல்காரர்கள் அடிக்கடி பட்டியலோடு வந்து தலை எண்ணுவார்கள். அதனால் அவள் என்னை அண்ணே என்று கூப்பிட முடியாது. முதல்நாள் கூப்பிடவே இல்லை. இரண்டாம்நாள் சோறு வாங்குகிற வரிசையில், சுற்றி ஆள் நின்றபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "என்னங்க."

நான் திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"என்னங்க, உங்களத்தான். தட்டு இந்தாங்க."

பாக்கியம் விழுந்து விழுந்து சிரித்தாள். "காது கேக்காத புருசன் வந்து வாச்சிருக்கான் பாரு உனக்கு! ஏய் சவரி, பொண்டாட்டிக்கு ஒரு டீத்தண்ணி வாங்கிக் குடுக்க மாட்டியா?"

வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு வேளையும் வாங்கிக் கொடுத்தேன். அந்த 'என்னங்க' இன்னொரு தடவை கேட்கட்டும் என்று சில சமயம் கொஞ்சம் தாமதமாகவே திரும்பினேன்.

அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டு கொண்டுவந்தாள். "அந்த மேசையில செத்துப் போயிட்டேன். இனி யாரும் உங்களக் கேள்வி கேக்கக் கூடாது. எழுதுங்க." கப்பல் பலகையில் என் பெயரை எழுதிக் காட்டினாள். ஆறு எழுத்து. 'ரி'க்கு மேலே போடுகிற வளைவு எனக்கு வரவே இல்லை. என் விரலைப் பிடித்துத் திருப்பினாள். அவள் விரல் நுனியில் கரி. அந்தக் கடன் வாங்கிய சேலையில் ரப்பர் பால் நாற்றம். தலையில் மட்டும் கான்வென்ட் சோப்பு வாசனை, அதுவும் நாளுக்கு நாள் உப்புக் காற்றில் குறைந்துகொண்டே வந்தது.

தினமும் காலையில் கப்பல்காரன் கடல் தண்ணீரை ஊற்றிப் பலகையைக் கழுவிவிடுவான். என் பெயர் போய்விடும். மறுபடி எழுதுவேன்.

"எழுதி முடிச்சா, கடைசி எழுத்துலேருந்து வலது பக்கமா ஒரு கோடு இழுத்து விடுங்க. வால் மாதிரி. அப்பத்தான் வேற யாரும் உங்க பேரப் போட முடியாது."

கப்பலில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர், யார் வீடு என்று ஓயாமல் பேச்சு. அவள் மட்டும் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். லேடாங் மலையைத் தவிர வேறு மலை பார்த்ததில்லை அவள். "அங்க மழை எப்படிங்க பெய்யும்?" என்று ஒருநாள் கேட்டாள். பக்கத்தில் பட்டியல்காரன் யாரும் இல்லை. பாக்கியம்கூட இல்லை. ஆனாலும் '-ங்க' என்று கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அந்தக் கேள்வி இருக்கிறது.

கப்பல் இன்னும் பத்து நாள் போகாதா என்று இருந்தது. நான் சீக்கிரம் போகிற வண்டிகளாலே பணக்காரன் ஆனவன். மெதுவாகப் போகச் சொல்லி வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

கல்லூரி வாசல்

மெட்ராஸ் துறைமுகத்தில் பாக்கியம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு ரயில் பக்கம் போனாள். நாங்கள் ஜட்கா வண்டி பிடித்தோம். வழியில் ஒரு சத்திரத்தில் இறங்கி, அவள் தன் வெள்ளைச் சேலையைக் கட்டி, ஷூ போட்டுக்கொண்டு வந்தாள். ஜட்காவில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கப்பலில் பக்கத்தில் உட்காருவாள்.

கல்லூரி அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்தாள். மறுபடி மேசை, மறுபடி புத்தகம். இந்த மேசையில் தகரப் பெட்டி இல்லை.

பெண்ணை யார் கொண்டுவந்து விட்டது என்று கேட்டு, அந்த ஆள் கையெழுத்துப் போட ஒரு கட்டம். பக்கத்திலேயே உறவு என்று ஒரு கட்டம். ஜோஸ்பின் குனிந்து உறவுக் கட்டத்தை இங்கிலீஷில் நிரப்பிவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தாள்.

"என்ன எழுதினே?"

"அண்ணன்னு."

சரி. அதுதானே நிஜம், அந்தோணியார் காலடியில் சொன்னது அதுதானே. என் வாழ்க்கையின் முதல் கையெழுத்தைப் போட்டேன். ஆறு எழுத்தும் ஒழுங்காக வந்தன. 'ரி' வளைவு அவள் போட்ட மாதிரியே வந்தது. கடைசியில் அவள் சொன்னபடி வாலை இழுத்தேன்.

பேனா வழுக்கியதால்தான். வேறொன்றும் இல்லை. வால் கட்டத்தைத் தாண்டி, அடுத்த கட்டத்துக்குள் ஓடி, அவள் எழுதிய சொல்லின் நடுவே குறுக்காகப் போய் நின்றது.

வெள்ளைக்கார அம்மா ஏதோ சொன்னாள். அடித்த மாதிரி இருக்கிறது, மறுபடி எழுது என்றிருப்பாள். ஜோஸ்பின் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொட்டகை மேசைக்கு முன்னால் தரையைப் பார்த்தவள், இந்தத் தடவை நேராகப் பார்த்தாள். குனிந்து, அடிபட்ட சொல்லுக்கு மேலே, சின்னதாக மறுபடி எழுதினாள்.

"இப்ப என்ன எழுதினே?"

"அதேதாங்க" என்றாள்.

உள்ளே ஒரு மணி அடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் தூக்கித் தருகிறேன் என்றேன். ஆம்பளைகள் உள்ளே வரக்கூடாது என்றாள்.

வால்

திரும்பி வர என் வண்டியையும் செவலையையும் விற்ற பணம் இருந்தது. டிக்கெட்டுக்குக் கையெழுத்துத்தான் போட்டேன். "தனி ஆளா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அடுத்த வருஷங்களில் டிரசரால் கல்லூரிச் சம்பளம் அனுப்ப முடியவில்லை. நான் அனுப்பினேன். டிரசர் அனுப்பியதாகவே அவளுக்குத் தெரியும். எவ்வளவோ பெருமை அடித்துக்கொண்டவன், இதை மட்டும் இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன். அவள் டாக்டரானாள். அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டாள். அப்பாவுக்கு வரும் கடிதங்களின் அடியில் 'சவரி அண்ணனுக்கு ஸ்தோத்திரம்' என்று இருக்கும். டிரசர் இறந்துபோனார், பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்தது, கடிதம் நின்றது.

எனக்கு இப்போது இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். லாரி போர்டு எல்லாம் படிப்பேன். அண்ணன் என்பதற்கான சொல்லையும் தெரிந்துகொண்டேன். புருஷன் என்பதற்கான சொல்லும் அதே நீளம், முதல் எழுத்திலேயே வேறு. அவள் இரண்டாவது தடவை எழுதியது எந்த எழுத்தில் தொடங்கியது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கடிதத்தில் அண்ணன்தான். தெரியும். ஆனாலும் அந்தப் புத்தகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.

வெளிநாடு போகிற பிள்ளைகளுக்காக இந்த வருஷமும் நாலு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். வங்கியில் இருக்கிற தம்பி எப்போதும் சொல்வதையே சொன்னான்: "பெரியவரே, வாலைக் கொஞ்சம் சுருக்குங்களேன். பக்கத்துக் கட்டத்துக்குள்ள போகுது."

சுருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.